சுழலும் பேட்டரிப் படமும் நான் பார்க்கும் கோடும்

டிஜிட்டல் ட்வின் (நிஜப் பொருளின் கணினி நகல்) என்றாலே திரையில் ஒரு பேட்டரி முப்பரிமாணத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். சூடான செல்கள் சிவப்பு, மற்றவை நீலம். பார்க்க அழகுதான். மின்வாகன பேட்டரிகளின் நிலையைக் கணிக்கும் மென்பொருள் எழுதுவது என் வேலை. அந்தப் படத்தால் எனக்கு இதுவரை ஒரு பிரயோஜனமும் இல்லை.

ஓடும் பேட்டரியில் நமக்கு நேரடியாகக் கிடைப்பவை மின்னழுத்தம், மின்னோட்டம், வெப்பநிலை, அவ்வளவுதான். வெப்பநிலையும் செல்லின் மேற்பரப்பில் அளந்தது; எல்லா செல்லிலும் சென்சார் இருக்காது. டாஷ்போர்டில் தெரியும் சார்ஜ் சதவீதம் யாரும் அளந்ததல்ல, கணக்குப் போட்டு வந்தது.

இதில் எல்.எஃப்.பி. (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) செல் படுத்தும் பாடு தனி. சார்ஜின் பெரும்பகுதி 3.2, 3.3 வோல்ட்டை ஒட்டியே கழிந்துவிடும். மீதி 70 சதவீதமா 40 சதவீதமா என்று வோல்ட்டை வைத்துச் சொல்வது கஷ்டம். சரி, உள்ளே போன மின்னோட்டத்தையும் வெளியே வந்ததையும் கூட்டிக் கழிக்கலாம் என்றால், சென்சாரின் சின்னப் பிழைகள் நாளாக நாளாகச் சேர்ந்துகொண்டே போகும். அவ்வப்போது முழுசாக சார்ஜ் ஏற்றச் சொல்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம்: கடைசியில் வோல்ட் சட்டென்று எழும்பும், கணக்கை அங்கே நேர்செய்துகொள்ளலாம்.

ட்வின் என்பது ஒவ்வொரு பேக்குக்கும் (பல செல்கள் சேர்ந்த முழு பேட்டரிக்கும்) தனித்தனியாக ஓடும் கணித மாதிரி. இவ்வளவு ஆம்பியர் இழுத்தால் வோல்ட் இவ்வளவு இறங்க வேண்டும் என்று அது சொல்லும். நிஜ பேக் வேறொன்று காட்டும். அந்த வித்தியாசத்தின் கோட்டைத்தான் நான் காலையில் முதலில் திறந்து பார்ப்பேன். 1960-ல் வந்த கால்மன் ஃபில்டர் என்ற கணக்கு முறை அதை வைத்தே மாதிரியைத் திருத்துகிறது.

வித்தியாசம் எப்போது வருகிறது என்பதில்தான் விஷயம். வேகமெடுக்கும்போது மட்டும் வந்தால் உள் மின்தடை கூடியிருக்கலாம். ஆனால் குளிரிலும் மின்தடை ஏறும், அதனால் ஒரே வெப்பநிலையில் ஒப்பிட வேண்டும். வண்டி சும்மா நிற்கும்போது ஒரு செல் மட்டும் இறங்கினால் எனக்கு வயிற்றைக் கலக்கும். உள்ளேயே மெல்லிய ஷார்ட் இருக்கக்கூடும். இதைக் கண்டுபிடிக்க விடாமல் செய்வது செல் பேலன்ஸிங். அது மற்ற செல்களிலிருந்து சார்ஜைக் கசியவிட்டு எல்லாவற்றையும் சமமாக்கிவிடும், திரையில் எல்லாம் நலம். அதனால் வோல்ட்டை விட்டுவிட்டு, எந்தெந்த செல்லை எவ்வளவு நேரம் பேலன்ஸ் செய்தது என்ற பதிவைத் தோண்டுவேன். ஒரு செல்லைத் தவிர மற்ற எல்லாமே வாரக்கணக்கில் கசியவிடப்பட்டிருந்தால் ஆள் அகப்பட்டாச்சு.

அப்புறம், எல்லோரும் கேட்பது: பேட்டரி இன்னும் எத்தனை வருஷம் வரும்? தேய்மானம் நீண்ட காலம் ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். பிறகு சில பேக்குகளில் திடீரென்று சரியத் தொடங்கும். லித்தியம் உலோகமாகப் படிவது அதற்கு ஒரு காரணம். நேர்கோட்டை மட்டுமே பார்த்துப் பழகிய மாதிரி அந்தச் சரிவைச் சொல்லாது. ஆகவே ஆயுளை ஒற்றை எண்ணாக யார் தந்தாலும், அதன் மேல் கீழ் வரம்பு என்ன என்று கேட்பேன்.