மே மாதம் வரை வேலை பாஸ் இருக்கிறது

12 அக்டோபர் 2025, ஞாயிறு

வெள்ளிக்கிழமை மாலை வந்த ஓர் அழைப்பால் இரண்டு நாள்களாக வீட்டில் வேறு பேச்சே இல்லை. அசாமில் ஜாகிரோடு என்ற ஊரில், மூடிக்கிடந்த காகித ஆலையின் இடத்தில், டாடா 27,000 கோடி ரூபாயில் சிப் ஆலை கட்டுகிறது. அங்கே சிப்புகளைச் சோதிக்கும் கருவிகளைப் பராமரிக்கப்போகும் ஒரு நிறுவனம், பினாங்கில் வேலை பழகியவர்களைத் தேடுகிறது. மூன்றாண்டு ஒப்பந்தம், ஆண்டுக்கு 26 லட்சம்.

இங்கே, மலேசியாவின் பினாங்கில், அதே வேலைக்கு எனக்கு மாதம் 9,000 ரிங்கிட். ஒரு ரிங்கிட் இப்போது ஏறத்தாழ 21 ரூபாய் என்பதால் ஆண்டுக்கு 22 லட்சத்து 70 ஆயிரம் வருகிறது. 2024 பிப்ரவரியில் ரிங்கிட் 17 ரூபாய்ச் சொச்சத்துக்கு இறங்கியிருந்தபோது இதே சம்பளம் 19 லட்சத்தைக்கூடத் தொடவில்லை. அந்த மாதம் அழைத்திருந்தால் அன்றே பெட்டி கட்டியிருப்பேன்.

"அங்கிருந்து புதுக்கோட்டைக்கு எப்படிப் போவது?" என்று மனைவி கேட்டாள். எனக்கும் தெரியவில்லை.

16 அக்டோபர், வியாழன்

பகல் முழுவதும் ஒரே கருவியோடு போராட்டம். நல்ல சிப்புகளையெல்லாம் பழுது என்று ஒதுக்கித் தள்ளிக்கொண்டே இருந்தது. சோதனைக்காகச் சிப்பை உட்காரவைக்கும் சாக்கெட்டைக் கழற்றி நுண்ணோக்கியின் கீழ் வைத்தேன். உள்ளே நூற்றுக்கணக்கான ஸ்பிரிங் ஊசிகள், நாற்று நட்டதுபோல் வரிசையாக நிற்கும். அவற்றில் மூன்றின் முனையில் மட்டும் சாம்பல் நிறத்தில் வெள்ளீயம் அப்பியிருந்தது. தூரிகையால் துடைத்துத் திரும்பப் பொருத்தியதும் கருவி சரியாகிவிட்டது.

"தம்பி, முதலில் ஊசியைச் சந்தேகப்படுங்கள், அப்புறம் சிப்பைப் பார்க்கலாம்" என்று எனக்குச் சொல்லித் தந்தவர் பாகான் டாலாமைச் சேர்ந்த அண்ணன். முப்பது ஆண்டுகளாக இந்தத் தளத்தில் நிற்கிறார். 1972இல் பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் முதல் ஆலைகள் வந்த காலத்திலிருந்து கைமாறி வந்த அறிவு இது. எந்தக் கல்லூரியிலும் இதை நான் படிக்கவில்லை. ஊரிலிருந்து இப்போது அழைப்பு வருகிறது என்றால் இந்த அண்ணன் தந்த பாடத்துக்குத்தான் வருகிறது.

20 அக்டோபர், திங்கள்

தீபாவளி. லெபு குவீன் மகாமாரியம்மன் கோயிலுக்குப் போய் வந்தோம். சோழிங்கநல்லூரில் இருக்கும் மைத்துனர் பேசினார். ஜூலையில் டிசிஎஸ் 12,000 பேர் வரை குறைக்கப்போவதாக அறிவித்ததிலிருந்து அவருக்குத் தூக்கம் சரியில்லை. அவர் வேலை பார்ப்பது வேறு நிறுவனம். ஆனாலும் பயம் தெருவில் நடந்து போகிறது என்கிறார்.

31 அக்டோபர், வெள்ளி

சம்பளச் சீட்டில் புதிதாக ஒரு வரி: ஊழியர் சேமநிதி, 180 ரிங்கிட். வெளிநாட்டு ஊழியர்களுக்கும் இந்த மாதச் சம்பளத்திலிருந்து இது கட்டாயம். என் பங்கு 2 சதவீதம், நிறுவனத்தின் பங்கு 2 சதவீதம். ஊரில் வருங்கால வைப்புநிதிக்கு இரு தரப்பிலும் 12 சதவீதம் பிடிக்கிறார்கள். இத்தனை ஆண்டுகள் இங்கே உழைத்ததற்குச் சேமநிதி இன்றைக்குத்தான் தொடங்குகிறது என்று நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது.

வேலை போனால் கைகொடுக்கும் காப்புறுதி ஒன்று 2018 முதல் இந்நாட்டில் உண்டு. அது குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். எனக்கு வேலை போனால், இங்கே தங்கி வேலை பார்க்க அனுமதிக்கும் பாஸும் போய்விடும். 5,000 முதல் 9,999 ரிங்கிட் வரை சம்பளம் வாங்குபவர்களுக்கு அதிகபட்சம் இரண்டு ஆண்டுகள்தான் பாஸ் தருகிறார்கள். என்னுடையது மே மாதம் முடிகிறது. புதுப்பிப்பார்களா என்று கேட்டால் மேலாளர் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். ஆசிரியைப் பயிற்சி முடித்த மனைவி, சார்ந்திருப்போர் பாஸில் நான்கு ஆண்டுகளாக வீட்டில் இருக்கிறாள். இதை எந்தச் சம்பளக் கணக்கிலும் நான் சேர்த்ததில்லை. சேர்த்திருக்க வேண்டும்.

9 நவம்பர், ஞாயிறு

அப்பாவிடம் ஒரு மணி நேரம் பேசினேன். தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி இங்கே வந்தவர், லெபு பசாரில் ஒரு மளிகைக் கடையில் கணக்கெழுதினார். 1969க்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பார்க்க அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும் என்ற சட்டம் இறுகியபோது அவருக்குச் சீட்டுக் கிடைக்கவில்லை. ஊர் திரும்பியவருக்குக் கடைசி வரை நிலையான வேலை அமையவில்லை.

"அவர் திரும்பும் நாளை வேறு யாரோ குறித்தார்கள். நீயாவது உன் நாளை நீயே குறித்துக்கொண்டு வா" என்றார் அப்பா. அவர் குரல் தழுதழுத்ததை இப்போதுதான் முதல் முறையாகக் கேட்கிறேன்.

15 நவம்பர், சனி

வரைபடத்தை மேசையில் விரித்து உட்கார்ந்தோம். பினாங்கிலிருந்து சென்னைக்கு நேரடி விமானம் இருக்கிறது. சுமார் நான்கு மணி நேரம் பறந்து, இரவு ரயில் பிடித்தால் விடியும்போது புதுக்கோட்டை. ஜாகிரோட்டுக்குப் பக்கத்து நகரமான கௌஹாத்தியிலிருந்து சென்னைக்கு ரயிலில் இரண்டு நாள்களுக்கு மேல். விமானத்தில் போனாலும் இங்கிருந்து போவதைவிட நேரத்தில் பெரிய மிச்சம் இல்லை. தாய்நாட்டுக்குள் போய்விட்டு ஊருக்கு அதே தொலைவில்தான் இருக்கப்போகிறோம்.

அதைவிட முக்கியமான ஒன்று இன்றுதான் புரிந்தது. இங்கே சாலையின் எதிர்ச்சாரியிலேயே என் வேலைக்கேற்ற ஆலைகள் நிற்கின்றன. ஆனால் என் பாஸ் ஒரே நிறுவனத்தின் பெயருக்கு எழுதப்பட்டது. சாலையைக் கடக்க அது விடாது. ஜாகிரோட்டில் என்னைத் தடுக்க யாரும் இல்லை. ஆனால் கடந்து போவதற்கு அங்கே எதிர்ச்சாரியில் இன்னோர் ஆலை இல்லை. ஒப்பந்தம் முடியும் அன்று இரண்டு இடத்திலும் கையைப் பிசைந்துகொண்டுதான் நிற்பேன்.

குஜராத்தில் சாணந்த் அப்படி இல்லை. மைக்ரான் நிறுவனம் 2023இல் அறிவித்த சிப் ஆலை அங்கேதான் எழுகிறது. சிஜி செமி என்ற இன்னொரு சிப் நிறுவனம் இந்த ஆகஸ்டில் முன்னோட்ட உற்பத்தித் தளத்தைத் திறந்தது. கேய்ன்ஸ் நிறுவனமும் அதே ஊரில் கட்டுகிறது. ஒன்று கைவிட்டால் இன்னொன்றின் கதவைத் தட்டலாம். சம்பளம் இரண்டு லட்சம் குறைந்தாலும் எனக்கு இதுதான் பெரிது.

23 நவம்பர், ஞாயிறு

நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் வெள்ளிக்கிழமை முதல் இந்தியாவில் நடைமுறைக்கு வந்துவிட்டன. ஒப்பந்தக் காலத்துக்கு எடுக்கப்படுபவர்களுக்கு ஓராண்டு முடிந்தாலே பணிக்கொடை உண்டு. அம்மாவிடம் சொன்னபோது, "அது இருக்கட்டும், சாணந்தில் முருங்கைக்காய் கிடைக்குமா?" என்று கேட்டார். கிடைக்கும் அம்மா, குஜராத்திலும் அதைச் சமைக்கிறார்கள் என்றேன்.

ஜாகிரோட்டுக்காரர்களுக்கு நன்றி சொல்லி மறுத்து எழுதிவிட்டேன். சாணந்தில் இரண்டு இடங்களுக்கு விண்ணப்பம் போயிருக்கிறது. அங்கே தமிழாசிரியை தேவைப்படாது, கணக்கு ஆசிரியை தேவைப்படுவார் என்று மனைவி தன் சான்றிதழ்களை எடுத்து வைத்திருக்கிறாள். நாளை வேலைக்குப் போனதும் அண்ணனிடம் முதலில் நான்தான் சொல்ல வேண்டும், வேறு யார் வாயிலிருந்தும் அவர் கேட்கக் கூடாது. பாஸ் முடிவதற்குள், ஏப்ரல் 18 சனிக்கிழமை என்று நாள்காட்டியில் நாங்களே வட்டமிட்டிருக்கிறோம்.