ஞாயிறு கணக்குல வராது

மார்ச் 5, 2025, புதன்
சாம்பல் புதன். முழங்கால்ல நின்னு சொல்லிட்டேன், ஈஸ்டர் வரைக்கும் ஒரு சொட்டு கெடயாது. வீட்ல சொல்லல. போன வருஷமும் இதயேதான் சொன்னேன்.

மார்ச் 7, வெள்ளி
தூக்கம் இல்ல. ரெண்டு மணிக்கு எந்திச்சு கடுங்காப்பி.

மார்ச் 9, ஞாயிறு
காலண்டர வச்சு எண்ணுனேன். புதன்ல இருந்து ஈஸ்டருக்கு முந்துன சனி வரைக்கும் 46 நாள் வருது. லெந்து, அதான் தவக்காலம், 40 தானேன்னு பாத்தா ஆறு ஞாயித்துக்கிழமய கழிச்சிருக்காங்க, ஞாயிறு ஆண்டவர் உயிர்த்தெழுந்த நாள், உபவாசக் கணக்குல வராது. அப்போ ஞாயிறு? இந்த மூளை நகைக்கடன் வட்டி கணக்குல ஒரு நாளாவது இப்படி வேலை செஞ்சிருக்கா.

மார்ச் 13, வியாழன்
சோதனையோடுகூட தப்பிக்கொள்ளும்படியான போக்கையும் உண்டாக்குவார்னு கொரிந்தியர்ல இருக்குல்லா, எனக்கு அந்தப் போக்கு என்னன்னா ஊசிக்கோபுரத்துகிட்டயே பஸ்ஸ விட்டு எறங்கி நடக்கது, ஏன்னா நம்ம ஸ்டாப்புக்கு நேர் எதுத்தாப்லதான் கடை. இருவது நிமிஷம். வேர்த்து ஊத்துது. பெரிய ஆவிக்குரிய போராட்டமா இருக்கும்னு நெனச்சேன், செருப்புதான் தேயுது.

மார்ச் 23, ஞாயிறு
குடிச்சேன்.

மார்ச் 24, திங்கள்
ஒரு குவார்ட்டர்தான். கணக்குல வராத நாள்தானேன்னு சொல்லிக்கிட்டே போனேன், அதுக்குன்னே ஸ்டாப்புல எறங்குனேன், அதுவரைக்கும் நல்லா ஞாபகம் இருக்கு. சின்னவன் பக்கத்துல வந்தான், மூக்க சுருக்குனான், ஒண்ணும் கேக்காம ஹோம்வொர்க்க எடுத்துட்டு உள்ள போயிட்டான். கேட்டிருந்தா ஒரு பொய்யாவது சொல்லிருப்பேன். ராத்திரி யாக்கோபு ஒண்ணாம் அதிகாரம் எடுத்தேன், பிசாசு மேல போட்டுரலாம்னு பாத்தா அவனவன் தன் சுய இச்சையினாலதான் இழுக்கப்படுறான்னு போட்டிருக்கு. அந்தப் பேச்சுல பிசாசு பேரே இல்ல.

மார்ச் 25, செவ்வாய்
நடந்தேன்.

ஏப்ரல் 2, புதன்
நடந்தேன். மழை. செருப்பு வாரு அந்துட்டு.

ஏப்ரல் 10, வியாழன்
மகாவீர் ஜெயந்தி, கடை லீவு. ஆபீஸ்ல அண்ணாச்சி நேத்தே ரெண்டு வாங்கி வச்சுட்டாரு, எனக்கும் ஒண்ணு வேணுமான்னு கேட்டாரு, வேண்டாம்னுட்டேன். அத பெருமையா எழுத வந்தேன். ஆனா மத்தியானம் பூரா அவரு மேசைக்கடியில இருந்த பைய எத்தன தடவ பாத்தேன்னு எனக்குத்தான் தெரியும். ஆவியின் கனி ஒன்பதுல இச்சையடக்கம் கடைசில இருக்கு. கடைசியாத்தான் காய்க்குமோ என்னமோ.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு
ஆறாவது ஞாயிறு. சின்னவன் ஓலைல சிலுவ முடைஞ்சு சட்டைப் பைல சொருகி விட்டான். சாயங்காலம் பூரா வீட்ட விட்டு வெளிய போகல. சீனி வாங்கக் கூட அவளத்தான் அனுப்பினேன், சரியான ஏச்சு.

ஏப்ரல் 17, பெரிய வியாழன்
ராப்போஜனம். சபை ஐயர் திராட்சரசப் பாத்திரத்த கிட்ட கொண்டு வரும்போதே வாசனை. ஒரு வாய்தான், ஆனா நாக்கு அத ரொம்ப நேரம் வச்சிருந்துச்சு. இத யார்ட்ட சொல்ல? ஐயர்ட்டயே சொல்லிட்டேன், வாசல்ல. அடுத்த தடவ அப்பம் மட்டும் வாங்கிக்கோங்க தம்பின்னாங்க. அவ்ளோதான், திட்டுவாங்கன்னு நெனச்சேன்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி, காலைல 11.35
கடைக்கு இன்னைக்கு லீவு கெடயாது, விசாரிச்சேன், ஏன் விசாரிச்சேன்னு கேக்காதீங்க. ஷட்டர் தூக்குறது 12 மணிக்கு. மும்மணி ஆராதனயும் 12 மணிக்குத்தான். சிலுவைல அறையுறதுக்கு முன்னால வெள்ளைப்போளம் கலந்த திராட்சரசம் குடுத்தாங்க, அவரு வாங்கல. தாகமாயிருக்கிறேன்னு அப்புறந்தான் சொல்றாரு. அவ செருப்பு மாட்டிட்டா, சின்னவன் பைபிள தேடுறான், ஸ்டாப் வழியா போனா சீக்கிரம் போயிரலாம்ங்கா, நான்