பெட்டியடிப் பையன்

எட்டு மாத காண்ட்ராக்ட் முடிந்து கப்பலிலிருந்து இறங்கி ஒரு வாரம் ஆகிறது. பல்லவனில் ராத்திரி காரைக்குடி வந்து, அங்கிருந்து பள்ளத்தூர் ஆயா (அம்மாவைப் பெற்ற பாட்டி) வீடு. முகப்புத் திண்ணையில் காலை நீட்டிப் படுத்தால் தரை ஆடுகிற மாதிரியே இருக்கிறது. கடல் இன்னும் உடம்பை விட்டுப் போகவில்லை.

ஊரைப் பொறுத்தவரை எனக்குக் 'கப்பல்ல வேலை'. என்ன வேலை என்று யாராவது நோண்டினால், "ஹோட்டல் மாதிரிதான்" என்று அம்மா பேச்சை மாற்றிவிடுவார். நான் பார்டெண்டர்.

உலகம் சுற்றிக்கொண்டே சம்பாதிக்கிறாய் என்று நண்பர்களுக்குப் பொறாமை. பொறாமைப்பட ஒன்றுமில்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் கணக்கு இப்படி: ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் நின்றபடி வேலை. ஜன்னல் இல்லாத கேபினில் இரண்டு பேர். துறைமுகத்தில் கப்பல் நிற்கும் நாளில் அதிர்ஷ்டம் இருந்தால் நாலு மணி நேரம் வெளியே போகலாம். அதில் பாதி வைஃபை தேடுவதில் கரையும். பார்சிலோனாவுக்கு ஆறு முறை போயிருக்கிறேன், எனக்கு நன்றாகத் தெரிந்தது துறைமுக கேட்டுக்குப் பக்கத்துக் காபிக் கடைதான்.

இந்த வேலைக்கு வர நினைக்கும் தம்பிகளுக்கு ஒன்று. வேலை வாங்கித் தருகிறேன் என்று ஒரு ஏஜெண்ட் என்னிடம் முதலில் இரண்டு லட்சம் வாங்கினார். பணமும் போச்சு, வேலையும் வரவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, 2006ஆம் ஆண்டு கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைப்படி, வேலைக்கு அமர்த்துவதற்காக மாலுமியிடம் கட்டணம் வாங்கவே கூடாது. மருத்துவச் சான்றிதழ், பாஸ்போர்ட், மாலுமிப் புத்தகம் போன்ற செலவு மட்டும் நம்முடையது. ஆள் எடுக்கும் நிறுவனத்துக்குக் கப்பல் போக்குவரத்து இயக்குநரகத்தின் உரிமம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். இன்னொன்று, டூரிஸ்ட் விசாவில் போய் பாரில் வேலை பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

ஆயாவின் அப்பச்சி, அதாவது அவருடைய அப்பா, பதின்மூன்று வயதில் ரங்கூன் போனவர். மொகல் தெருவில் எங்கள் செட்டியார்கள் தங்கி வட்டித் தொழில் பார்த்த கிட்டங்கியில் பெட்டியடிப் பையன். பாய் விரிப்பது, கூட்டுவது, கடைகண்ணிக்கு ஓடுவது, பெரியவர்கள் கணக்கு எழுதுவதைப் பார்த்தே கற்றுக்கொள்வது. பெட்டியடிப் பையனுக்கு மேலே அடுத்தாள், அவருக்கு மேலே மேலாள். மூன்று வருஷம் ஒரு கணக்கு, முடிந்தால் ஊருக்கு வந்துவிட்டுத் திரும்பப் போக வேண்டும். அதைத்தான் எங்கள் பக்கம் கொண்டுவிக்கப் போவது என்பார்கள்.

ஆயா இதைச் சொல்லச் சொல்ல எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் முதல் காண்ட்ராக்ட்டில் நான் பார்பேக், பார்டெண்டருக்கு எடுபிடி. ஐஸ் சுமப்பது, கிளாஸ் துடைப்பது, எலுமிச்சை நறுக்குவது. மது அளக்கும் ஜிக்கரைத் தொடக்கூட விடவில்லை. மூன்று மாதம் கழித்துத்தான் 30 மில்லி அளந்து ஊற்ற விட்டார்கள். எங்கள் ஹெட் பார்டெண்டர் ஒரு பிலிப்பைன்ஸ்காரர். அவரை இனி மனசுக்குள் மேலாள் என்றுதான் கூப்பிடுவேன்.

பினாங்கில் கப்பல் நின்றபோது கிடைத்த நாலு மணி நேரத்தில் பினாங்குத் தெருவுக்கு நடந்தே போனேன். தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் புறப்படும், செட்டியார்களின் கோவில் வீடு அங்கேதான் இருக்கிறது. உள்ளே தரையையும் தூணையும் பார்த்தபோது பள்ளத்தூர் ஞாபகம் வந்து, கொஞ்சம் தொண்டை அடைத்தது. வைஃபை தேடாத ஒரே துறைமுகம் அது.

ரங்கூனில் வெள்ளைக்காரத் துரைமார்களுக்கென்று பெகு கிளப் இருந்தது. அந்தப் பெயரில் ஒரு காக்டெய்ல் இன்றைக்கும் உண்டு: ஜின், ஆரஞ்சு கியூராசோ, எலுமிச்சைச் சாறு, சில சொட்டு பிட்டர்ஸ். 1930களின் பொருளாதார மந்தத்தில், செட்டியார்கள் வட்டிக்குக் கொடுத்த கடன் திரும்பாமல், கீழ்ப்பர்மா நெல் வயலில் ஏறக்குறைய கால்வாசி அவர்கள் பெயருக்கு வந்துவிட்டது. பர்மா விவசாயி அதை மறக்கவில்லை, நாமும் பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியாது. அவ்வளவு நிலம் இருந்தும் ஆயாவின் அப்பச்சியை அந்தக் கிளப் வாசலில்கூட நிற்க விட்டிருக்க மாட்டார்கள். 1942இல் ஜப்பான்காரன் வந்தபோது அவர் நடந்தே ஊர் வந்து சேர்ந்தார். யாராவது பெகு கிளப் கேட்டால் நான் கொஞ்சம் கூடுதல் கவனமாகவே கலக்குவேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

நேற்று காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடைகளைச் சுற்றினேன். யார் வீட்டு வளவிலோ இருந்த எனாமல் தூக்குகள், கண்ணாடிக் குப்பிகள், இடித்த வீடுகளின் தேக்குக் கதவுகள். அதிக நேரம் நிற்கப் பிடிக்கவில்லை. இரண்டு எனாமல் டம்ளர் மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

வீட்டில் ஆயா கவுனி அரிசி ஊறப்போட்டிருந்தார். பர்மாவிலிருந்து நம்மவர்கள் கொண்டுவந்த கறுப்பு அரிசி. ஊறிய தண்ணீர் நாவற்பழ நிறத்தில் இருந்தது. கீழே கொட்டப் போனவரை நிறுத்தி வாங்கி, சர்க்கரை போட்டுக் காய்ச்சி ஆறவைத்தேன். பெட்டியிலிருந்து ஷேக்கரை எடுத்தேன்.

"அது என்னப்பா, ஃபிளாஸ்க்கா?"

ஐஸ், கவுனிப் பாகு, எலுமிச்சை. புளிப்புப் பட்டதும் ஊதா நிறம் பளிச்சென்று ரோஜா நிறமாக மாறியது. குலுக்கி, எனாமல் டம்ளரில் ஊற்றி, மேலே பன்னீர் சோடா.

"சாயப்பொடி போட்டியா?"

"உங்க கவுனிதான் ஆயா."

ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய். என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"இதைத்தான் கப்பல்ல ஊத்திக் கொடுக்கிறியாக்கும்?"

எத்தனை வருஷமாகத் தெரியுமோ! தலையை மட்டும் ஆட்டினேன்.

"ஒரு கிளாசு எவ்வளவு?"

"பதினாலு டாலர். நம்ம காசுக்கு ஆயிரத்துக்கு மேல வரும்."

டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"ஆயிரம் ரூவா வாங்கிட்டு ஒரு கல்லு உப்புப் போட மாட்டியா?"

உள்ளே போய் உப்பு எடுத்து வந்தேன்.