அமராவதி ஓவியத்தாள்களும் எழும்பூர்க் கற்களும்

ஆங்கிலேய ஆட்சிக்கால நில அளவையாளர் காலின் மெக்கன்சியின் குழுவினர் 1816, 1817ஆம் ஆண்டுகளில் ஆந்திரத்தில் கிருஷ்ணை ஆற்றங்கரையிலுள்ள அமராவதி பௌத்த ஸ்தூபியின் சிற்பங்களை நேரில் பார்த்து வரைந்த தாள்கள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் ஒரு தொகுப்பாக உள்ளன. அவற்றில் எந்தெந்தக் கற்கள் இன்று சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன என்று ஒப்பிட்டுப் பார்க்க விரும்பினேன். இணையத்தில் கிடைத்த படங்களை அச்சிட்டு, சிவராமமூர்த்தி 1942இல் வெளியிட்ட அருங்காட்சியகப் பட்டியலையும் உடன் வைத்துக்கொண்டு தொடங்கினேன்.

முதலில் லண்டன் சென்றவற்றைக் கழிக்க வேண்டியிருந்தது. மதராஸ் அரசு அதிகாரி வால்டர் எலியட் 1845இல் தோண்டியெடுத்துச் சென்னைக்கு அனுப்பிய கற்களை லின்னேயஸ் ட்ரைப் 1858இல் புகைப்படம் எடுத்தார். மறு ஆண்டே அவற்றில் பெரும்பகுதி லண்டனுக்குக் கப்பலேறியது. ஆகவே அப்புகைப்படங்களில் தென்படும் சிற்பத்தை எழும்பூரில் தேடுவது பெரும்பாலும் வீண்.

எஞ்சியவற்றில்தான் உண்மையான சிரமம் இருந்தது. ஸ்தூபியைச் சுற்றியிருந்த கல்வேலியான கிராதியின் தாமரைப் பதக்கங்கள் (வட்டச் செதுக்கல்கள்) ஒன்றைப்போல் ஒன்று இருப்பதால், இதழ்களை எண்ணிப் பார்த்து எதையும் உறுதிசெய்ய முடியவில்லை. கைகொடுத்தது உடைவுதான். அந்த ஓவியர்கள் சிற்பத்தை முழுமையாக்கி அழகுபடுத்த முயலவில்லை. கல் எங்கே பிளந்திருக்கிறதோ, எந்த உருவத்தின் முகம் சிதைந்திருக்கிறதோ, அதை அப்படியே கோடிட்டார்கள். அரைப்பதக்கம் ஒன்றின் முன் தாளை வைத்துக்கொண்டு நின்றபோது, மேல் விளிம்பிலிருந்து சாய்வாக இறங்கி ஓர் இதழை இரண்டாகப் பிளந்து செல்லும் விரிசல் ஓவியத்திலும் அதே வளைவில் இருந்ததைக் கண்டேன். இருநூறு ஆண்டுகளுக்கு முன் பென்சில் பிடித்த கையின் நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன். 1880களில் கற்கள் பல சுவரில் பதிக்கப்பட்ட வரலாறும் உண்டு என்பதால், விளிம்பை மட்டும் நம்பாமல் நடுப்பகுதியின் சிதைவுகளையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

எங்கும் பொருந்தாத தாள்களும் இருக்கின்றன. அமராவதிக் கல் சுண்ணாம்புக்கல்; ஊரார் அதைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கினர், கட்டட வேலைக்கும் எடுத்துச் சென்றனர். அப்படி அழிந்த கற்களுக்கு இன்று எஞ்சியிருப்பது அந்த ஓவியம் மட்டுமே என்பதால், பொருந்தாத தாளை ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. மெக்கன்சி சில கற்களைக் கல்கத்தாவுக்கும் அனுப்பியிருந்தார். எனவே மீதமுள்ள தாள்களை அங்குள்ள இந்திய அருங்காட்சியகத்தின் அமராவதிச் சிற்பங்களோடு அடுத்து ஒப்பிடவிருக்கிறேன். அங்கும் உடைவிலிருந்தே தொடங்குவேன்.