எஞ்சின் இல்லாத படங்கள்

அப்பா போய் ஆறு மாதம் கழித்துத்தான் அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தோம். உள்ளே ஓர் அக்ஃபா கிளிக் கேமரா. சுருளுக்குப் பன்னிரண்டே படம் விழும் அது. பிஸ்கட் டப்பா நிறையக் கறுப்பு வெள்ளைப் படங்கள். பிலிம் ஊட்டி இந்து நகரில் செய்ததாகத்தான் இருக்கும்.

அம்மா எட்டிப் பார்த்து, "நம்ம ரெண்டு பேரையும் நிக்க வெச்சு ஒண்ணாவது எடுத்திருக்காரா பாரு" என்றாள். இல்லை. எல்லாம் பாறை, தண்ணீர் வழியும் சரிவு, குகை வாய். நீலகிரி மலை ரயிலில் பிரேக்ஸ்மேனாக இருந்தவர் எடுத்ததில் ஒன்றில்கூட எஞ்சின் இல்லை. ஊர் பார்க்க வருகிறவர்கள் முதலில் எடுப்பதே அதைத்தானே!

அதே லைனில் தண்டவாளத்தை நடந்தே சோதிக்கும் கீமேனாக இருக்கும் எனக்கே காரணம் உறைக்க நேரமாயிற்று. கல்லாற்றிலிருந்து குன்னூர் வரை, எஞ்சினின் பல்சக்கரம் கவ்வி ஏறும் பல் தண்டவாளம். 12 அடிக்கு ஓர் அடி ஏறும் இடமும் உண்டு. ஏற்றத்தில் எஞ்சின் பின்னால் நின்று தள்ளும். முன்பெட்டி முகப்பில் கொடியோடு நிற்கும் பிரேக்ஸ்மேன்தான் பாதைக்குக் கண். அப்பாவுக்கு முன்னால் மலை மட்டும்தான்.

என் கண்ணோ எப்போதும் தரையில். போல்ட் தளர்ந்திருக்கிறதா, பல்லிடுக்கில் கல் சிக்கியிருக்கிறதா என்று பார்த்தே நாள் போகும். (யானைச் சாணம் சூடாகக் கிடந்தால் சத்தமாகப் பாடிக்கொண்டு நடப்பேன், அது தனிக்கதை.) ஐப்பசி மழை பிடித்தால்தான் மேலே பார்ப்பேன், அதுவும் பாறை உருளுமோ என்று பயந்து.

ஹில்குரோவ் தாண்டி ஒரு பாறை, தினமும் கடப்பதுதான். அதை அப்பா நான்கு முறை எடுத்திருந்தார். 1983-இல் அதன் தலையில், வெடிப்புக்குள் ஒரு ஆலங்கன்று. 1984-இல் இடுப்புயரம். அடுத்த வருடம் வெடிப்பே அகன்றிருந்தது. நான்காவதில் செடி இல்லை, வெட்டிய கட்டை மட்டும். பின்னால் பென்சிலில்: 'சொன்னேன். வெட்டிட்டாங்க.'

வீட்டில் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை அந்த மனிதர்.

மறுவாரம் அனுமதி கேட்டு, முன்பெட்டியில் பிரேக்ஸ்மேன் பக்கத்தில் நின்று போனேன். அந்த இடம் வந்ததும் நிமிர்ந்தேன். பழைய கட்டையிலிருந்து ஒரு முழத்துக்குப் புதுத் துளிர்.

இறங்கியதும் எங்கள் கேங்கின் தலைவர், மேட் என்போம், அவரிடம் சொன்னேன். "இத்தனை வருஷம் நடக்கிற, இன்னிக்குத்தான் கண்ணுல பட்டுதாடா?" என்றார்.