தலைகீழாகத் தொங்கிய புறா

கொலொம்பா என்ற இத்தாலிய ஈஸ்டர் இனிப்பு ரொட்டியைப் போன வருஷம் இரண்டு தடவை செய்து இரண்டுமே சொதப்பல், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஈஸ்டருக்குச் செய்தது மூன்றாவது. கொலொம்பா என்றால் இத்தாலிய மொழியில் புறா. அங்கே கிறிஸ்துமஸுக்கு பனெத்தோனே என்ற உயரமான இனிப்பு ரொட்டி எப்படியோ, ஈஸ்டருக்கு இது அப்படி. மாவு ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் இதில் பொதுவாகத் திராட்சை போடுவதில்லை, சர்க்கரைப் பாகில் ஊறிய ஆரஞ்சுத் தோல் மட்டும். மேலே பாதாம் பூச்சு, புறா வடிவத்தில் ஒரு காகித அச்சு.

முதல் தடவை வெண்ணெயைப் பாதியாகக் குறைத்தேன், உடம்புக்கு நல்லது என்று. அப்புறம்தான் தெரிந்தது, இந்தப் பெயரில் விற்க வேண்டுமென்றால் வெண்ணெய் குறைந்தது 16 சதவீதம், ஆரஞ்சு மாதிரியான பழத்தோல் 15 சதவீதம் இருக்க வேண்டும், புளித்த மாவில்தான் பொங்க வேண்டும் என்று இத்தாலியில் 2005இல் அரசாணையே போட்டிருக்கிறார்கள். வீட்டில் செய்வதை யாரும் வந்து சோதிக்கப் போவதில்லை, ஆனாலும் நான் செய்தது புறாவே இல்லை என்று சட்டமே சொன்னது போல இருந்தது.

அந்த முதல் தடவை கெட்டதற்கு உண்மையான காரணம் வெண்ணெய் இல்லை, ஸ்டார்ட்டர், அதாவது ரொட்டியைப் பொங்க வைக்கிற புளித்த மாவு. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து ஒரே ஒரு தடவை புது மாவும் தண்ணீரும் ஊட்டிவிட்டு அப்படியே போட்டேன். ஸ்டார்ட்டரில் செய்கிற சாதாரண சவர்டோ ரொட்டிக்கு அது போதும், கொஞ்சம் புளிப்பு இருந்தால் ருசிதான். இதில் சர்க்கரை, மஞ்சள் கரு, வெண்ணெய் எல்லாம் தலைமேல் ஏறி உட்கார்ந்திருக்கும்போது மாவைத் தாங்கிப் பிடிப்பது குளூட்டன் என்கிற கோதுமைப் புரதம் ஒன்றுதான், புளிப்பு அளவுக்கு மீறினால் அதுவே பிய்ந்துபோகிறது. இதை இரண்டு கட்டமாகப் பிசைய வேண்டும், இரண்டாவது பிசைதலில் மாவு ஈரமணல் மாதிரி உதிர்ந்து வெண்ணெய் தனியாக மினுமினுத்தது. பார்த்துக்கொண்டே நின்றேன், வேறென்ன செய்ய.

அதனால் இந்த முறை ஸ்டார்ட்டருக்கே ஒரு வாரம் ஒதுக்கினேன். தளர்வாக இருந்ததை, 100 கிராம் மாவுக்கு 45 கிராம் தண்ணீர் என்று ஊட்டி ஊட்டிக் கெட்டியாக்கினேன். புனித வெள்ளியன்று காலை அதைத் துண்டு துண்டாக வெட்டி, ஒரு சிட்டிகை சர்க்கரை கரைத்த வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் போட்டேன். புளிப்பு கழுவிப் போவதற்காக இத்தாலியில் செய்கிற வேலை இது. முதலில் மூழ்கிக் கிடந்த துண்டுகள் கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றாக மேலே வந்தன. பிழிந்து, சம எடை மாவு சேர்த்து, 28 டிகிரியில் வைத்து, அன்றைக்கே மூன்று தடவை ஊட்டினேன். ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரத்துக்குள் மூன்று மடங்கு ஆனால்தான் அடுத்த கட்டம். மூன்றாவது ஊட்டலுக்குப் பிறகு கிள்ளி வாயில் போட்டுப் பார்த்தேன், வினிகர் நெடி போய்த் தயிர் வாசனை லேசாக வந்தது.

வெள்ளி இரவு 9 மணிக்கு முதல் பிசைதல். புரதம் 13 சதவீதத்துக்கு மேல் உள்ள மாவு 250 கிராம், ஸ்டார்ட்டர் 65, சர்க்கரை 70, மஞ்சள் கரு 65, வெண்ணெய் 80, தண்ணீர் 110. அதில் கொஞ்சம் எடுத்து ஒரு நேரான கண்ணாடி டம்ளரில் வைத்து மாவின் மட்டத்தில் ரப்பர் பேண்ட் மாட்டிவிட்டேன், பெரிய பாத்திரத்தில் மூன்று மடங்கா இரண்டு மடங்கா என்று கண் ஏமாற்றிவிடும். காலை 7 மணிக்கு இரண்டரை மடங்குதான். போன வருஷமாக இருந்தால் சரி போதும் என்று ஆரம்பித்திருப்பேன். ஒன்பதரை வரை காத்திருந்தேன்.

பிறகு அதை ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு இரண்டாவது பிசைதல். மீதி மாவு முதலில், அது சேர்ந்து இழுவை வந்த பிறகு சர்க்கரை, மஞ்சள் கரு மூன்று தவணையாக, உப்பு, வெண்ணெய் கடைசியில். அவசரப்பட்டு எதையும் முன்னால் போடக்கூடாது. மாவு பிசைகிற மிக்ஸரின் சூட்டில் மாவு 27 டிகிரி தொட்டதும் பாத்திரத்தோடு தூக்கி இருபது நிமிஷம் மறுபடி ஃப்ரிட்ஜில் வைத்தேன். அதற்கு மேல் விட்டால் வெண்ணெய் உருகி வெளியே வந்துவிடும். திரும்ப ஓட்டியபோது பாத்திரத்தின் ஓரத்தை விட்டு மாவு முழுசாகக் கொக்கியில் சுற்றிக்கொண்டது. ஒரு சிறு உருண்டையை விரல்களால் விரித்தால் பின்னாலிருக்கும் விளக்கு தெரிகிற அளவுக்குச் சவ்வு. அந்த நிமிஷம் சத்தியமாகச் சிரித்தேன், தனியாக.

ஆரஞ்சுத் தோலைக் கலந்து, ஒரு மணி நேரம் ஓய்வு கொடுத்து, இரண்டாகப் பிரித்து, ஒன்றை இறக்கைக்குக் குறுக்காகவும் இன்னொன்றை உடலுக்கு நெடுக்காகவும் வைத்தேன். விளிம்புக்கு இரண்டு விரல் கீழே வருவதற்கு ஏழு மணி நேரம் ஆனது. பாதாம் பொடி, சர்க்கரை, வெள்ளைக் கரு கலந்த பூச்சு, மேலே முழுப் பாதாம். 160 டிகிரியில் ஐம்பது நிமிஷம், நடுவில் குத்திப் பார்த்ததில் 94 டிகிரி.

இனிதான் இரண்டாவது முயற்சி கெட்ட இடம். போன தடவை அழகாக உப்பி வந்ததை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனேன், திரும்பி வந்தால் நடுவில் இரண்டு விரல் பள்ளம். இவ்வளவு கொழுப்பும் சர்க்கரையும் உள்ள ரொட்டி சூட்டில் மென்மையாக இருக்கும், தன் பாரத்தையே தாங்காது. அதனால் இந்த முறை ஓவனிலிருந்து எடுத்த கையோடு அடிப்பக்கமாக இரண்டு நீளக் கம்பிகளைக் குத்தி, அப்படியே கவிழ்த்து, இரண்டு நாற்காலிகளுக்கு நடுவில் தொங்கவிட்டேன். பூச்சில் நாலைந்து சில்லு தட்டில் விழுந்தது, அதை உடனே தின்றாயிற்று. இரவில் இரண்டு தடவை எழுந்து போய்ப் பார்த்தேன், விழவில்லை.

ஞாயிறு காலை வெட்டினோம். கத்தி தேவையே இல்லை, கையால் இழுத்தால் நார் நாராகப் பிரிந்து வந்தது, புளிப்பு துளிகூடத் தெரியவில்லை. ஒரு இறக்கையில் மேல்தோலுக்கு அடியில் கட்டைவிரல் நுழைகிற ஓட்டை ஒன்று இருக்கிறது, உருட்டும்போது காற்றைச் சரியாக வெளியேற்றவில்லை என்று நினைக்கிறேன். அடிப்பாகமும் கொஞ்சம் வெளுப்பு, அடுத்த தடவை ஓவனில் ஒரு தட்டு கீழே இறக்கி வைக்க வேண்டும். மிச்ச ஸ்டார்ட்டரைத் துணியில் இறுக்கிக் கட்டி ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறேன், காலையில் பார்த்தால் முடிச்சு தெறிக்கிற மாதிரி உப்பிக்கொண்டு நிற்கிறது.