பின்பக்கத்துச் சீல்

கேரவன் டிரெய்லர்களுக்குச் சர்வீஸ் செய்யும் பட்டறையில் சேர்ந்த புதிதில், வீல் பேரிங்குக்குக் கிரீஸ் அடிப்பது ஐந்து நிமிட வேலை என்று நினைத்திருந்தேன். சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பிலுள்ள ரப்பர் மூடியை எடுத்தால், ஹப் சுழலும் தண்டான ஸ்பிண்டிலின் நுனியில், கிரீஸ் ஏற்றும் சிறு முனையான நிப்பிள் இருக்கும். கிரீஸ் கன்னை மாட்டி, புதுக் கிரீஸ் முன்பக்கம் எட்டிப் பார்க்கும்வரை அடிப்பேன். அப்புறம் அடுத்த சக்கரம்.

அப்படி அனுப்பிய ஒரு வண்டி ஒரே வாரத்தில் திரும்பி வந்தது. பிரேக் பிடித்தால் டிரெய்லர் ஒரு பக்கமாக இழுக்கிறது என்றார் வண்டிக்காரர். டிரம்மைக் கழற்றினோம். டிரம்மின் உட்பக்கத்தில் உரசி வண்டியை நிறுத்தும் ஷூவின் லைனிங் கறுத்து, எண்ணெயில் ஊறின தோல்போல மினுங்கியது. எலக்ட்ரிக் பிரேக்கின் காந்தத்தின் மேலும் கிரீஸ். விரலால் வழித்தால் திட்டுத் திட்டாக வந்தது. இந்த வண்டியை இழுத்துக்கொண்டுதானே அந்தக் குடும்பம் மலைப்பாதையில் இறங்கியது என்று நினைத்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

மூத்த மெக்கானிக் அண்ணன் கோபப்படவில்லை. வெறும் ஸ்பிண்டிலைக் காட்டி, "கிரீஸ் எங்கே வெளியே வருது பாரு" என்றார். நிப்பிளில் நுழையும் கிரீஸ் ஸ்பிண்டிலுக்குள்ளேயே பின்னோக்கிப் போய், உள் பேரிங்குக்கும், கிரீஸ் கசியாமல் தடுக்கும் பின்பக்கத்துச் சீலுக்கும் நடுவிலுள்ள துளை வழியாக வெளியே வருகிறது. அங்கிருந்து உள் பேரிங்கின் உருளைகளுக்கு இடையே நுழைந்து, ஹப்பின் வெற்றிடத்தை நிரப்பி, வெளி பேரிங்கைக் கடந்தால்தான் நம் கண்ணுக்குத் தெரியும். ஆக, அழுத்தம் முதலில் விழுவது சீலின் மீது. அந்த மெல்லிய ரப்பர் உதட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பது பிரேக். சக்கரத்தைச் சுற்றாமல் வேகவேகமாக அடித்தால், இறுகிய கிரீஸ் உருளைகளுக்குள் புக நேரமில்லாமல் சீலைத் தாண்டிவிடும். சீல் ஏற்கெனவே தேய்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம். நான் முன்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கிரீஸ் பின்பக்கம் போய்க்கொண்டிருந்தது.

நிப்பிள் வழியாகத்தான் அடிக்க வேண்டுமென்றால், சக்கரத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, ஒரு கையால் மெதுவாகச் சுற்றிக்கொண்டே கைக் கன்னால் நிதானமாக அடிக்க வேண்டும். காற்றழுத்தக் கன் வேண்டவே வேண்டாம். ஆனாலும் எனக்கு அதில் திருப்தி இல்லை. எவ்வளவு அடித்தாலும் பேரிங்கின் நிலை தெரியாதே! டிரெய்லர் அச்சு தயாரிக்கும் டெக்ஸ்டர் நிறுவனமே 12 மாதம் அல்லது 12,000 மைலுக்கு ஒருமுறை பேரிங்கைச் சோதித்து கிரீஸ் வைக்கச் சொல்கிறது. சோதிப்பதென்றால் கழற்றித்தான் ஆக வேண்டும்.

கழற்றிய பேரிங்கைக் கழுவி நன்றாக உலர்த்தி, உருளைகளில் குழியோ சூட்டில் நீலம் பாய்ந்த தடமோ இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்ப்பேன். காற்றடித்துச் சுழலவிடுவது ஆபத்து. பிறகு உள்ளங்கையில் ஒரு கவளம் கிரீஸ். பேரிங்கின் அகன்ற பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தி இழுத்தால், மறுபக்கம் உருளைகளின் இடுக்கிலிருந்து கிரீஸ் நூல் நூலாக எட்டிப் பார்க்கும். கொஞ்சம் திருப்பி மறுபடியும் அழுத்துவேன். சுற்றிலும் அப்படி வரும்வரை விடமாட்டேன். சீல் எப்போதும் புதுசுதான். பழையதைத் திரும்பப் போட எனக்கு மனம் வராது. டிரம்மை ஏற்றுவதற்கு முன் கையைத் துடைத்துவிடுவேன். விரல் தடம்கூட லைனிங்கில் படக் கூடாது.

ஹப்பை ஸ்பிண்டிலில் பிடித்து வைக்கும் நட்டில்தான் பலர் தவறுகிறார்கள். ஹப்பைச் சுற்றிக்கொண்டே சுமார் 68 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கி, பிறகு ஹப்பைச் சுற்றாமல் நட்டைத் தளர்த்தி, கடைசியில் விரலால் மட்டும் இறுக்கி, நட்டு கழலாமல் தடுக்கும் புது காட்டர் பின் போடுவது நாங்கள் செய்யும் முறை. இறுக்கியபடியே விட்டால் பேரிங் சூடாகிக் கருகும்.

அந்த வண்டிக்கு அச்சின் இரு பக்கமும் ஷூக்களை மாற்றினோம். லைனிங் உறிஞ்சிய கிரீஸைக் கிளீனர் மேலோடு துடைக்குமே தவிர, சூடேறும்போது உள்ளே இருப்பது மறுபடியும் கசிந்து வரும். டிரம்மை மட்டும் கழுவித் திரும்பப் போட்டோம்.

அடுத்த வருஷம் அதே வண்டி சர்வீஸுக்கு வந்தது. டிரம்மை நானே கேட்டு வாங்கிக் கழற்றினேன். லைனிங்கில் விரலை வைத்துப் பார்த்தேன். காய்ந்த தூசிதான் ஒட்டியது.